மெக்கன்சி: ஒரு ஸ்காட்டிஷ் குடும்பப் பெயரின் வேரையும் எழுத்து மாற்றங்களையும் தேடிப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

தமிழக ஊர் வரலாறுகளைத் தேடிப் படிப்பவர்களுக்கு மெக்கன்சி என்ற பெயரைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கைபீதுகள் என்ற ஊர்க் குறிப்புகள், கல்வெட்டுப் படிகள், ஓலைச் சுவடிகள் என்று காலின் மெக்கன்சி திரட்டியவற்றில் பெரும் பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அவர் 1754-ல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், ஸ்டோர்னவே என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். 1783-ல் சென்னைக்கு வந்தார். 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல், அதாவது நில அளவைத் துறைத் தலைவர் ஆனார். சொந்த ஊருக்குத் திரும்பாமலே 1821-ல் கல்கத்தாவில் இறந்தார்.

அவர் பெயரை இத்தனை முறை எழுதியிருக்கிறோம். ஆனால் அவருடைய முன்னோர்கள் அந்தப் பெயரை எப்படிச் சொன்னார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் பல வருடம் கேட்டதில்லை. ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்கில் வந்த வானொலிச் செய்தி ஒன்றில் அந்தப் பெயர் முதல்முறையாகக் காதில் விழுந்தபோது, அது மெக்கன்சி என்றே எனக்குத் தெரியவில்லை. அதில் 'சி'யும் இல்லை, 'ஸி'யும் இல்லை. நம்முடைய 'ஞ'தான் இருந்தது. ஸ்காட்லாந்துப் பெயர் எதையாவது துருவ நினைப்பவர்கள் அந்த ஒலியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது அன்று எனக்குப் பட்டது. கீழே உள்ள படிகள் மெக்கன்சிக்காக எழுதியவை. மற்ற ஸ்காட்டிஷ் பெயர்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

படி 1: எழுத்தைப் பார்க்குமுன் காதால் கேளுங்கள்

பெயரின் கேலிக் வடிவம் ஏறக்குறைய 'மஹ்க் கொஞ்ஞிஹ்' என்று ஒலிக்கும். கடைசியில் வருவது முழு எழுத்தல்ல, மூச்சு மட்டும் மெல்லச் சீறிக்கொண்டு வெளியே போகும். 'மஹ்க்' என்றால் மகன். 'கொஞ்ஞஹ்' என்பது ஓர் ஆண் பெயர், 'அழகன்' என்று பொருள் சொல்வார்கள். 'கொஞ்ஞஹ்ஹின் மகன்' என்ற வேற்றுமையில் அது 'கொஞ்ஞிஹ்' ஆகிறது. ஆங்கிலத்தில் இந்தப் பெயரை கென்னத் என்று எழுதினார்கள். ஆக மெக்கன்சி என்றால் கென்னத்தின் மகன். (மஹ்க், மகன் இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பது தற்செயல்தான். அதை வைத்து உறவு தேட வேண்டாம்.)

பெண்களுக்கு 'மஹ்க்' வராது. கேலிக் பேசும் இடத்தில் அண்ணன் 'மஹ்க் கொஞ்ஞிஹ்' என்றால் தங்கை 'நிஹ்க் கொஞ்ஞிஹ்'. ஆங்கிலத்தில் எழுதிய பதிவேடுகளில் பெரும்பாலும் இருவரையும் மெக்கன்சி என்றே போட்டுவிட்டார்கள். ஆனாலும் பழைய பதிவேடுகள் சிலவற்றில் பெண்ணின் பெயருக்கு முன்னால் என்-சி என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். அதை எழுத்துப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கென்னத் என்ற ஒரே ஆங்கிலப் பெயருக்குள் இரண்டு வேறு கேலிக் பெயர்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று நாம் மேலே பார்த்தது. ஒன்பதாம் நூற்றாண்டு அரசர் கென்னத் மக்கால்பினுடைய பெயர் மற்றொன்று. அந்த அரசரின் பெயரைக் காட்டி மெக்கன்சிகளை அவரோடு இணைக்கும் வம்சாவளிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். இந்தக் குழப்பத்தில் பிறந்தவை அவை.

படி 2: அந்த 'இசட்' எங்கிருந்து வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஸ்காட்லாந்தில் கேலிக் தவிர, ஆங்கிலத்துக்கு நெருங்கிய ஸ்காட்ஸ் என்ற மொழியும் உண்டு. அதன் பழைய வடிவத்தில் 'யோஹ்' என்றோர் எழுத்து இருந்தது. பார்க்க நம் கணக்குப் புத்தகத்து 3 போலவே இருக்கும், வால் மட்டும் வரிக்குக் கீழே இறங்கும். 'ய' ஒலிக்கு அதைப் போடுவார்கள். 'ன' ஒலிக்குப் பின்னால் அதை எழுதினால் 'ஞ' கிடைக்கும். 'கொஞ்ஞிஹ்' என்று கேட்டதை எழுத ஸ்காட்ஸ் எழுத்தருக்கு இருந்த வழி இதுதான். அவர் 'இசட்' எழுத நினைக்கவே இல்லை.

பதினைந்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துகளிலேயே யோஹ்ஹும் வால் வைத்த இசட்டும் அடையாளம் தெரியாத அளவுக்கு ஒன்றுபோல ஆகிவிட்டன. 1508-ல் எடின்பரோவில் அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வந்த அச்செழுத்துப் பெட்டியில் யோஹ் இல்லை. அச்சுக்கோப்பவர் பக்கத்தில் கிடந்த இசட்டை எடுத்து வைத்தார். தெரிந்தவர்கள் பழையபடி 'ய' என்றே படித்தார்கள். தெரியாதவர்கள் கண்ணில் பட்டபடி 'ஸ' என்று படித்தார்கள். ஆங்கிலக் கல்வி பரவிய பதினெட்டாம் நூற்றாண்டில் தெரியாதவர்களின் உச்சரிப்பே வென்றது.

இதற்குச் சாட்சி எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ரோஸ்ஹா ஊரின் சர் ஜார்ஜ் மெக்கன்சி அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார், இறந்தது 1691-ல். அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்து, கவனன்டர்கள் என்ற சமயப் பிரிவினரைக் கடுமையாக ஒடுக்கியவர். மக்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ரத்த மெக்கன்சி'. நகரத்துச் சிறுவர்கள் அந்தக் கல்லறை மண்டபத்தின் கதவருகே போய், தைரியம் இருந்தால் வெளியே வா என்று கூவிவிட்டு ஓடுவார்கள். அந்தச் சிறுவர் பாட்டில் பெயர் மெக்கன்சி என்று வராது, 'மக்கிங்ஙி' என்றுதான் வரும். புத்தகத்தில் இசட் ஏறிவிட்டது, பிள்ளைகளின் வாயில் பழைய ஒலி தங்கிவிட்டது.

இதே கதை வேறு பெயர்களிலும் உண்டு. 'மென்சீஸ்' என்று நாம் படிக்கும் பெயரை ஸ்காட்லாந்தில் 'மிங்ஙிஸ்' என்பார்கள். 'டால்சீல்' என்று எழுத்துக்கூட்டத் தோன்றுவது 'டீயெல்'. ஏர்ஷயர் கடற்கரையில் உள்ள ஒரு கோட்டையின் பெயரைப் பார்த்தால் 'கல்சீன்' என்று படிப்போம், உள்ளூரில் அது 'கலேன்'. ஷெட்லாந்து தீவுகளை 1975 வரை அரசு ஆவணங்களில் 'செட்லாந்து' என்று இசட் போட்டு எழுதினார்கள். அந்தத் தீவுகளின் அஞ்சல் குறியீடு இன்றும் இசட்-இ என்றுதான் தொடங்குகிறது.

ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். எடின்பரோ அச்சகத்தில் இல்லாமல் போன அந்த ஒலிகளுக்குத் தமிழில் தனித்தனி எழுத்தே இருக்கிறது, ஞ என்றும் ங என்றும். குறிப்பேட்டில் இந்தப் பெயர்களை எழுதும்போது பக்கத்தில் ஒலியைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருந்தாலும் எது ஒரே பெயர், எது வேறு பெயர் என்று பிரிக்க அது உதவும்.

படி 3: பெயரின் தலைப்பகுதியைப் பெரிதுபடுத்தாதீர்கள்

எம்-ஏ-சி என்று எழுதினால் ஸ்காட்லாந்து, எம்-சி என்று எழுதினால் அயர்லாந்து என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. எம்-சி என்பது எம்-ஏ-சியின் சுருக்கம், அவ்வளவுதான். 'திரு' என்று எழுதாமல் 'தி' என்று எழுதிப் புள்ளி வைப்பது போல. பழைய பதிவேட்டில் எம் எழுத்தை அடுத்து ஒரு குட்டி சியை மேலே தூக்கி எழுதி, அதன் கீழே ஒரு கோடோ இரண்டு புள்ளிகளோ வைத்திருப்பார்கள். அச்சுப் புத்தகங்களில் அந்தச் சிக்குப் பதில், எம்முக்குப் பின்னால் தலைகீழாகத் திருப்பிய காற்புள்ளி ஒன்று நிற்கும். நடுவில் வரும் 'கே' பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதிலும் விதி எதுவும் கிடையாது. ஒரே ஆள் ஒரே கடிதத்தில் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கலாம்.

படி 4: உங்களுக்கென்று ஒரு வடிவப் பட்டியல் போடுங்கள்

ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டால் போதும். முதல் பத்தியில் அதே பெயரின் வடிவங்கள்: நடுவில் ஆங்கில 'இ'க்குப் பதில் ஆங்கில 'ஐ' வரும் மெக்கின்சி, இசட்டுக்குப் பதில் எஸ் வருவது, கே இரட்டிப்பது, கடைசியில் ஐ-இக்குப் பதில் ஒய் அல்லது வெறும் இ வருவது, முன்னால் உள்ள 'மக்' உதிர்ந்து வெறும் 'கென்சி' ஆனது. எஸ்-இ-ஒய் என்று முடியும் மெக்கின்ஸி என்ற பெயரும் பல குடும்பங்களில் இதே பெயரின் வேறு வடிவம்தான்.

இரண்டாவது பத்தி, வேர் ஒன்று, வடிவம் வேறு என்பவற்றுக்கு. வடகிழக்கு ஸ்காட்லாந்தில் 'கைனொஹ்' என்ற குடும்பப் பெயர் உண்டு. அதுவும் கொஞ்ஞஹ்ஹிலிருந்து வந்ததே, 'மகன்' மட்டும் இல்லை.

மூன்றாவதில், பார்க்க ஒன்றுபோல இருந்தும் சம்பந்தமில்லாதவை. மெக்கென்னா என்பது படி 1-ல் பார்த்த மற்றக் 'கென்னத்'திலிருந்து வந்த ஐரிஷ் பெயர். மெக்கினன் என்பதற்கு வேரே வேறு. மர்ச்சிசன் போன்ற சில பெயர்கள் மெக்கன்சி குலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும். அவை குல உறவைக் காட்டுபவை, எழுத்து வேறுபாடுகள் அல்ல. நினைவுப் பொருள் கடைகளில் தொங்கும் குலப் பட்டியல்கள் இந்த இரண்டையும் கலந்து கட்டி விற்கின்றன. அவற்றைப் பார்த்து நோட்டை நிரப்ப வேண்டாம்.

படி 5: இன்றிலிருந்து 1855 வரை பின்னோக்கி வாருங்கள்

ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு கட்டாயமாகப் பதியத் தொடங்கியது 1855 ஜனவரி 1-ல். இவை எல்லாம் 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்புள்' என்ற அரசுத் தளத்தில் இருக்கின்றன. பதிவு செய்துகொண்டால் பெயர் அட்டவணையை இலவசமாகத் தேடலாம். மூலப் பக்கத்தின் படத்தைத் திறக்கத்தான் பணம். அட்டவணையோடு நின்றுவிடாமல் படத்தையும் பாருங்கள். அட்டவணை யாரோ ஒருவர் படித்துப் புரிந்துகொண்டது, படம்தான் மூலம்.

தேடும்போது முழுப் பெயரை அடிக்காதீர்கள். எம், நட்சத்திரக் குறி, கே, நட்சத்திரக் குறி, என், நட்சத்திரக் குறி என்று கொடுங்கள். மேலே சொன்ன அத்தனை வடிவமும் ஒரே வலையில் விழும். கூடவே மெக்கினன்களும் மெக்கென்னாக்களும் விழுவார்கள், மூன்றாவது பத்தியை வைத்து அவர்களைக் கழித்துவிடுங்கள். அப்புறம் 'கென்சி' என்று தனியாக ஒரு முறை தேடுங்கள்.

முதன்முதலில் பதிவு தொடங்கிய 1855-ம் ஆண்டுச் சான்றிதழ் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், திருமணம் நடந்த இடம், நாள், அதற்கு முன் பிறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை வரை கேட்டு எழுதினார்கள். வேலை அதிகம் என்று அடுத்த ஆண்டே பலவற்றை விட்டுவிட்டார்கள். பெற்றோரின் திருமண விவரம் மட்டும் 1861-லிருந்து மறுபடி வந்தது. ஸ்காட்லாந்துப் பதிவுகளில் இன்னொரு நன்மை, திருமணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரை அவர்கள் தொலைக்கவில்லை. இறப்புச் சான்றிதழில் இறந்தவருடைய தாயின் கன்னிப் பெயர்கூட இருக்கும்.

படத்தின் அடியில் தகவல் தந்தவரின் கையெழுத்தைப் பாருங்கள். அங்கே ஒரு பெருக்கல் குறியும் 'அவருடைய அடையாளம்' என்ற சொல்லும் இருந்தால், அவருக்கு எழுதத் தெரியாது என்று அர்த்தம். பெயரைக் கேலிக்கில் சொன்னது அவர், எழுத்துக்கூட்டியது பதிவாளர். உடன்பிறந்த மூவர் மூன்று வடிவத்தில் பதிவானது இப்படித்தான். எங்கள் குடும்பம் எப்போதும் இப்படித்தான் எழுதும் என்ற பெருமையை இந்த இடத்தில் இறக்கி வைத்துவிட்டால் தேடல் சுலபமாகும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் சேர்த்துப் பாருங்கள். பெயர்வாரியாக 1841-லிருந்து பத்தாண்டுக்கு ஒன்று, 1921 வரை திறந்திருக்கிறது. 1841-ல் மட்டும் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 40 என்று இருந்தால் அவர் 44 வயதுக்காரராகவும் இருக்கலாம்.

படி 6: 1855-க்கு முன்னால், பாரிஷ் பதிவேடுகள்

இதற்கு முந்தைய காலத்துக்குத் திருச்சபைப் பதிவேடுகள்தான் கதி. இருப்பதில் பழையது எரல் என்ற ஊரினுடையது, 1553-ல் தொடங்குகிறது. ஆனால் மெக்கன்சிகளின் மண்ணான வடமேற்கு ஹைலண்ட்ஸ் என்ற மலைநாட்டிலும் தீவுகளிலும் பதிவேடுகள் மிகத் தாமதமாகவே தொடங்குகின்றன. இறப்புகளை எழுதிய இடங்கள் குறைவு. போதாததற்கு 1843-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்தது. ஹைலண்ட்ஸில் பெரும்பாலோர் சுதந்திரத் திருச்சபைக்குப் போய்விட்டார்கள், அவர்களுடைய ஞானஸ்நானங்கள் பழைய பதிவேட்டில் இருக்காது.

இங்கே குடும்பப் பெயரைவிட முதற்பெயர்தான் அதிகம் தொல்லை தரும். ஒரே ஊரில் எல்லோரும் மெக்கன்சி என்றால் பெயரை வைத்து யாரை அடையாளம் காண்பது? முதற்பெயர்களும் இரு மொழிக்கு நடுவே தாவுகின்றன. 'டொனல்ட்' என்பவர் வேறொரு பக்கத்தில் 'டேனியல்' ஆவார். 'ரோரி'தான் 'ரோடரிக்'. கேலிக்கில் 'டோரமட்' என்பவரை ஆங்கிலத்தில் 'நார்மன்' என்று எழுதுவார்கள். 'எஃபி'யும் 'யூஃபீமியா'வும் ஒரே பெண்ணாக இருக்கலாம்.

நமக்கு நன்றாகப் புரியக்கூடிய ஒரு வழக்கம் இங்கே கைகொடுக்கும். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாவது மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். பெயரைத் தாங்குவதால்தானே நாமும் பேரன் என்கிறோம்? எல்லாக் குடும்பமும் இதைக் கடைப்பிடிக்கவில்லை. ஆனாலும் பிள்ளைகளின் பெயர்களைப் பிறந்த வரிசையில் எழுதிப் பார்த்தால், தாத்தா யாராக இருக்கலாம் என்பதற்கு ஒரு துப்பு கிடைக்கும். அது துப்பு மட்டுமே, ஆதாரம் அல்ல.

படி 7: குலக் கதையையும் நிலத்தையும் தனித்தனியாக வையுங்கள்

மெக்கன்சிகளின் தோற்றம் பற்றி ஓர் அழகான கதை உண்டு. காலின் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற ஐரிஷ் வீரன், பாய்ந்து வந்த கலைமானிடமிருந்து அரசர் மூன்றாம் அலெக்சாண்டரைக் காப்பாற்றி, கின்டேல் நிலத்தைப் பரிசாகப் பெற்றானாம். பெஞ்சமின் வெஸ்ட் 1786-ல் அந்தக் காட்சியைப் பிரம்மாண்டமான ஓவியமாகத் தீட்டினார். மெக்கன்சி தலைவர் ஒருவர்தான் அதை வரையச் சொன்னது. எடின்பரோவில் உள்ள தேசிய ஓவியக் கூடத்துக்குச் சொந்தமானது. ஓவியம் உண்மை, கதை உண்மையில்லை. பதினேழாம் நூற்றாண்டில் குரோமார்ட்டி பிரபுவான ஒரு மெக்கன்சி பரப்பிய வம்சக் கதை அது. 1467-ல் எழுதிய கேலிக் வம்சாவளிச் சுவடியோ, மெக்கன்சிகளையும் மாத்திசன்களையும் கில்லியோன் என்ற உள்ளூர் முன்னோரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு இடமில்லை.

நிலத்தின் வரலாறு இதைவிடப் பயனுள்ளது. மேற்குக் கரையில் கின்டேலில், மூன்று கடற்கழிகள் கூடும் இடத்தில் நிற்கும் ஐலன் டோனன் கோட்டை அவர்களுடைய பழைய பிடி. அங்கிருந்து கிழக்கே ராஸ் பகுதி முழுக்கப் பரவினார்கள். 1609-ல் தலைவர் கின்டேல் பிரபு ஆனார். அடுத்த ஆண்டு லூயிஸ் தீவு கைக்கு வந்தது. 1623-ல் சீஃபோர்த் எர்ல் பட்டம். நம் காலின் மெக்கன்சியும், கனடாவின் பெரிய ஆறு ஒன்றுக்குத் தன் பெயர் வாய்த்த அலெக்சாண்டர் மெக்கன்சியும் ஒரே ஸ்டோர்னவேயில் பிறந்ததற்கு அந்த 1610 காரணம். 1773-ல் குடியேறுபவர்களை ஏற்றிக்கொண்டு 'ஹெக்டர்' கப்பல் லாக் புரூமிலிருந்து கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் கிளம்பியதும் இவர்கள் பகுதியிலிருந்துதான். உங்கள் தேடலில் கிடைத்த குடும்பம் எந்த ஆண்டில் எந்த ஊரில் இருந்தது என்பதை இந்த வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. தலைவரின் நிலத்தில் வாழ்ந்தவர்கள் பலர் தலைவரின் பெயரையே தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். ஆகவே எல்லா மெக்கன்சிகளும் ஒரே ரத்தம் அல்ல. தந்தைவழி மரபணுச் சோதனை செய்து பார்த்து, முடிவு பொருந்தவில்லை என்று மனம் உடைந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: பெயர் பொய்யில்லை, அது அவர்கள் வாழ்ந்த நிலத்தின் பெயர்.

படி 8: கிளை இந்தியாவுக்கு வந்திருந்தால்

சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. சென்னை மாகாணத்துக்கான வரிசை என்-2. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தளத்திலும் இலவசமாகப் பெயர் தேடலாம். எழும்பூரில் 1821-ல் திறந்த புனித ஆண்ட்ரூ கிர்க் ஸ்காட்லாந்துத் திருச்சபைக்காரர்களுக்காகக் கட்டிய ஆலயம். அதற்கு முந்தைய ஸ்காட்லாந்துக்காரர்களைப் பெரும்பாலும் ஆங்கிலேயத் திருச்சபைப் பதிவுகளில் தேட வேண்டும்.

தமிழில் தேடுகிறவர்களுக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரே காலின் மெக்கன்சியைத் தமிழ் நூல்களும் கட்டுரைகளும் மெக்கன்சி, மெக்கென்சி, மெக்கன்ஸி, மெக்கென்ஸி, மக்கன்சி, மெக்கின்சி என்று பலவிதமாக எழுதுகின்றன. தேடுபொறி இவற்றை ஒன்றாகக் கொள்ளாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள், கிடைத்ததை எந்த வடிவத்தில் கிடைத்ததோ அப்படியே நோட்டின் முதல் பத்தியில் ஏற்றுங்கள். என் நோட்டில் அந்தப் பத்திக்கு மேலே, தலைப்பாக, 'கொஞ்ஞிஹ்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.